பேசாத கம்ப்யூட்டரும் பேசி ஓயாத வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் வைத்திருக்கும் பெயர் 'விடுதலை'. ஏதோ போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். நீர் வாரியத்தில் வரைபடப் பிரிவு. எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று கம்ப்யூட்டரில் கோடு போடுகிற வேலை. பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் தன் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டார். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை நாளா நீங்க அடிமையா இருந்திருக்கீங்க சார். மெஷின் உங்களோடது. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு எட்டிப் பாக்கக்கூட உங்களுக்கு உரிமை இல்ல. லினக்ஸ் போட்டுத் தரேன். விடுதலை ஆயிடுவீங்க."

விடுதலையான அந்த மனிதர் மூன்று வாரம் ஒரு பிரிண்ட் எடுக்க மாடிக்கும் கீழுக்கும் நடையாய் நடந்தார். பெயர் வைத்தவர் அவர்தான். என் வீட்டுக்காரரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். கிண்டல் புரியாதவரோடு குடும்பம் நடத்துவதில் ஒரு வசதி உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்துகொள்ளலாம்.

நான் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் வாய்க்குப் பொருந்தும்படி செய்து தருவதுதான் என் பிழைப்பு. கடித்தால் வலிக்கிறது என்று திருப்பி அனுப்பினால் வாங்கி ராவிக் கொடுப்போம். 'பல்செட் சரியாத்தான் இருக்கு, உங்க வாய்தான் பழைய மாடல்' என்று சொல்ல மாட்டோம். இந்தச் சின்ன விஷயத்தைப் பதினாறு வருடமாக என் வீட்டுக்காரர் மண்டையில் ஏற்ற முடியவில்லை.

லினக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு, கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் என்ற தகுதியில் சொல்கிறேன். அது ஒரு இன்ஜின். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். எடுத்தவர்கள் அதன் மேல் ஆளுக்கொரு பஸ் பாடி கட்டியிருக்கிறார்கள். சீட்டு எங்கே, ஜன்னல் எவ்வளவு பெரிது, எத்தனை நாளைக்கு ஒருமுறை மாற்றிக் கட்டுவது, எல்லாம் பாடி கட்டினவர் இஷ்டம். இந்தப் பாடிகளுக்குத்தான் டிஸ்ட்ரோ என்று பெயர். நூற்றுக்கணக்கில் இருக்கின்றனவாம். சாதாரணப் பயணிகள் போய்ச் சேர்ந்தால் சரி என்று ஏதோ ஒன்றில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் ஓடுகிற பஸ்ஸிலிருந்து அடுத்த பஸ்ஸுக்குத் தாவுகிற ஜாதி. தாவுகிறவர் தனியாகத் தாவினால் பரவாயில்லை, குடும்பத்தையும் கையைப் பிடித்து இழுப்பார்.

கல்யாணமான புதிதில் வீட்டில் இருந்தது உபுண்டு. போட்டார், ஓடியது. நான் அதில் பாட்டுக் கேட்டேன், போட்டோ பார்த்தேன், கடிதம் அடித்தேன். ஒரு குறையும் இல்லை. அதுதான் அதன் குறை. 'இது எல்லாரும் வெச்சிருக்கறது' என்று சொல்லி அதைத் தூக்கிவிட்டு ஃபெடோரா போட்டார். புதிதாக எது வந்தாலும் அங்கே சீக்கிரம் வந்துவிடும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு என்றார். வந்தது. ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் உற்சாகம் தாங்காமல் இவர் எதையாவது மாற்றி வைத்தார். நான் பழகின பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த ஆறு மாதம் வந்துவிட்டது.

பிறகு ஆர்ச். அதைத் திறந்தால் கறுப்புத் திரையும் அதில் கண் சிமிட்டுகிற ஒரு கோடும்தான். திரை, சத்தம், வைஃபை என்று ஒவ்வொன்றாக நாமே கட்டளை அடித்து உள்ளே கொண்டுவந்து வைக்க வேண்டும். பதிப்பு என்ற பேச்சே கிடையாது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுசாகிக்கொண்டே இருக்கும். அதைப் போட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமை இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எங்கள் கல்யாண போட்டோவில்கூட அந்தப் பூரிப்பு இல்லை. 'நான் ஆர்ச்தான் யூஸ் பண்றேன்' என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். கேஸ் சிலிண்டர் போட வந்தவரிடமும் சொன்னார். அவர் 'சரிங்க சார், கையெழுத்து போடுங்க' என்றார்.

அதற்கும் மேலே ஒரு படி ஏறி ஜென்டூ. மென்பொருளைச் செய்து தராமல் அதன் மூலநிரலைக் கையில் கொடுத்து, உன் மெஷினுக்குத் தகுந்தபடி நீயே தயாரித்துக்கொள் என்கிற கட்சி. எங்கள் பழைய பெட்டியில் ஒரு பிரவுசர் தயாராக ஒன்றரை நாள் ஆனது. ஃபேன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, உள்ளே ஏதாவது தொழில் நடத்துகிறோமா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், ஒரு மென்பொருளைப் போட ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கட்டளை. உபுண்டுவில் ஆப்ட் என்று கூப்பிட வேண்டும், ஃபெடோராவில் டிஎன்எஃப், ஆர்ச்சில் பேக்மேன். ஒன்றில் கற்றதை இன்னொன்றில் அடித்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி பதில் வரும். நான் மூன்றையும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தேன். நாலாவது வந்த அன்று சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் செல்போனே கதி என்று இருந்துவிட்டேன்.

என்னிடம் பாச்சா பலிக்கவில்லை என்றதும் தங்கச்சி பக்கம் திரும்பினார்.

என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள். இருபத்திரண்டு வயதில் ஒரு காய்ச்சலில் பார்வை போனது. பதினோரு வருடம் ஆகிறது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிற வேலை. நிமிடத்துக்கு எண்பது வார்த்தை அடிப்பாள், தப்பு தேட வேண்டும். அவளுடைய கம்ப்யூட்டர் பேசும். திரையில் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் ஸ்க்ரீன் ரீடர் என்ற ஒன்று வாசித்துக்கொண்டே வரும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் கேட்டால் நமக்கு வண்டு ரீங்காரம் மாதிரி இருக்கும், அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் விழும். அந்தக் குரல் நின்றால் அவள் முன்னால் இருப்பது வெறும் தகரப் பெட்டி.

அந்தப் பெட்டியில் நாலு வருடத்தில் ஆறு டிஸ்ட்ரோ மாற்றினார் அண்ணன். ஒன்றில் பாஸ்வேர்ட் போட்டு உள்ளே நுழைந்த பிறகுதான் குரல் வரும், நுழைவதற்கு யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்றில் குரலை நிறுத்தும் கீ வேறு. ஒன்றில் வேகம் பழையபடிக்கு வரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு இரண்டு மூன்று வாரம் வீண். போன வருடம் அவள் ஒரேயடியாக முறுக்கிக்கொண்டாள்.

"டெபியன் போட்டுக் குடுங்கண்ணா. எங்க பார்வையில்லாதவங்க க்ரூப்ல பாதிப் பேர் அதான் வெச்சிருக்காங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பெருசா மாறுமாம்."

"அது மியூசியம்! எல்லாத்தையும் சோதிச்சு, ஆறப் போட்டு, பழசானதுக்கு அப்புறம்தான் வெளிய விடுவாங்க."

"மியூசியத்துல எது எங்க இருக்குன்னு தெரியும்ல?"

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போட்டுக் கொடுத்தார். ஒரு வருடம் வீட்டில் நிம்மதி இருந்தது.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவுப் பிரிவில் நிரந்தர வேலை. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் பட்டினி என்று நாலு வருடம் தற்காலிகமாக ஓட்டியவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே, சொந்த கம்ப்யூட்டரில். மூன்று ஒலிப்பதிவு, ஒரு மணி நேரம். தவறவிட்டால் இன்னொரு தேதி கிடையாது என்று கடிதத்திலேயே போட்டிருந்தார்கள். ஒரு மாதம் அவள் தன் அறையை விட்டு வெளியே வரவில்லை. மருந்துப் பெயர்களைச் சாப்பிடும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு என் வீட்டுக்காரருக்குக் கை அரித்தது.

"உன் ஸ்க்ரீன் ரீடர் பழைய வெர்ஷன். உபுண்டுல புதுசு வந்திருக்கு. குரல் இன்னும் தெளிவா இருக்கும். நாளைக்கு டெஸ்ட்ல உதவும்."

"அண்ணா, நல்லா வேலை செய்யுது. தொடாதீங்க."

"அஞ்சே நிமிஷம்."

"டெஸ்ட் முடியட்டும்ணா. அப்புறம் என்ன வேணா பண்ணிக்கோங்க."

சொல்லிவிட்டு அவள் குளிக்கப் போனாள். இவர் அந்தப் பதிலில் 'என்ன வேணா பண்ணிக்கோங்க' என்பதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

அவருடைய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். உபுண்டு டெபியனிலிருந்து பிறந்தது. தாயும் மகளும். கட்டளைகூட இரண்டிலும் ஒன்றுதான். மகள் வீட்டுச் சாமானைத் தாய் வீட்டில் கொண்டுவந்து வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? முழுகியது. அந்தச் சாமான் உட்கார இன்னொரு புதுச் சாமான் வேண்டும் என்றது, அதற்கு அடியில் இன்னொன்று என்றது, அப்படியே அஸ்திவாரம் வரைக்கும் போய், பழையதோடு ஒத்துப் போகாது என்று நின்றது. கம்ப்யூட்டர் நேர்மையாகத்தான் கேட்டது: இருநூற்றுப் பதினான்கு மென்பொருள்களை நீக்கப் போகிறேன், சம்மதமா? பட்டியலையும் வரிசையாகக் காட்டியது. உலகத்தில் எல்லோரும் தன் கம்ப்யூட்டருக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும் என்று ஊரெல்லாம் உபதேசம் செய்கிறவர், கண்ணெதிரே நின்ற பட்டியலைப் படிக்காமல் சம்மதம் என்று 'ஒய்' அழுத்தினார். குரல் கொடுக்கும் பகுதியும் அதை வெளியே விடும் பகுதியும் அந்தப் பட்டியலில்தான் இருந்தன.

நாத்தனார் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். ஒரு கீயைத் தட்டினாள். இன்னொன்றைத் தட்டினாள். ஹெட்போனைக் கழற்றித் தடவிப் பார்த்து மறுபடி மாட்டினாள்.

"அண்ணி, கரண்ட் இருக்கா?"

"இருக்கேம்மா."

அவள் கை கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் பக்கத்தில் நிற்பதுகூடத் தெரிந்திருக்கும், ஆனால் அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் கத்தவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கத்தினேன்.

"ஏங்க, தொடாதீங்கன்னு சொன்னாளா இல்லையா? முன்ன மாதிரியே போட்டுக் குடுங்க, இப்பவே!"

"பதட்டப்படாத. இது ரொம்ப இன்ட்ரஸ்டிங்கான ப்ராப்ளம். திரும்ப முதல்லேருந்து போடறது தோத்துப்போறவன் வேலை. காரணத்தைக் கண்டுபிடிக்கணும்."

தங்கச்சியின் பிழைப்பு போகப் போகிறது, அண்ணனுக்குக் காரணம் வேண்டுமாம். அவரைப் போன்ற ஆட்கள் கூடிப் பேசும் இணையதளத்தில் ஒரு பக்க நீளத்துக்குப் பிரச்சினையை வர்ணித்து எழுதிப் போட்டார். சாப்பிட உட்காருவதற்குள் பதினான்கு பதில். ஒருவர், டெபியனை எவனாவது வைத்திருப்பானா, ஆர்ச்சுக்கு வா என்றார். இன்னொருவர் ஆர்ச்சை வைத்திருப்பவன் எல்லாம் வேலையில்லாதவன் என்றார். அதற்குப் பிறகு ஒன்பது பேர் அவர்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டார்கள். ஒரே ஒரு புண்ணியவான், 'இரண்டையும் கலக்கவே கூடாது, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடு' என்று இரண்டே வரியில் எழுதியிருந்தார். என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, 'இவனுக்கு ஒண்ணும் தெரியாது' என்றார்.

ராத்திரி படுக்கவே இல்லை, அந்த மெஷினையே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை காலை எட்டரைக்கு அலுவலகத்திலிருந்து போன். பெரிய குழாய் ஒன்று வெடித்துவிட்டது, வரைபடத்தோடு உடனே வா என்றார்கள். இவர் ஷூவை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"பதினோரு மணிக்குள்ள வந்துடறேன். அதுவரைக்கும் யாரும் மெஷினைத் தொடாதீங்க."

தொடாதீங்க! சொன்னவர் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு ஒரு பல்செட் இலவசமாகச் செய்து கொடுக்கும் நிலைமை வந்திருக்கும். அன்றைக்கு நான் லேபுக்கு லீவு சொல்லிவிட்டேன்.

ஒன்பது மணிக்கு நாத்தனார் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணாவோட பென்டிரைவ் டப்பா எங்க இருக்கு?"

பிஸ்கட் டப்பா. உள்ளே பத்தொன்பது பென்டிரைவ், ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்ட்ரோ, ஒவ்வொன்றுக்கும் சின்ன லேபிள். வீட்டுத் துணி அலமாரி அந்த ஒழுங்கில் இருந்தால் கோயில் கட்டியிருப்பேன். அவள் கேட்ட டெபியன், மரியாதை கெட்டு அடியில் கிடந்தது.

"இதைச் சொருகி ஆன் பண்ணுங்க அண்ணி. திரையில என்ன வந்தாலும் எனக்குச் சொல்லாதீங்க. குழம்பிடுவேன்."

சொருகினேன். எங்கள் வீட்டு மெஷின்கள் பென்டிரைவைக் கண்டால் முதலில் அதைத்தான் திறக்கும், அவர் பழக்கிய பழக்கம். அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பெட்டிக்குள்ளிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம். உடனே எஸ் தட்டி என்டர் தட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு உணர்ச்சியே இல்லாத ஒரு இயந்திரக் குரல், எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். அவள் அழவில்லை, அவளுக்கு நேரமில்லை.

"இது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"க்ரூப்ல ஒரு அக்கா சொல்லிக் குடுத்தாங்க. போடும்போதே பேசும், அதான் எங்களுக்கு இதுமேல ஆசை. அண்ணாகிட்ட நாலு தடவை சொல்லியிருக்கேன். குரல் நல்லா இல்லன்னு சொல்லிட்டாரு."

பதினாறு வருடம் டிஸ்ட்ரோக்களின் வித்தியாசத்தை ஒருவர் எனக்கு விளக்கினார். எது அழகு, எது வேகம், எது வீரம் என்று ஆயிரம் சொன்னார். கண் தெரியாத ஒருத்தி யாருடைய துணையும் இல்லாமல் தானே போட்டுக்கொள்ள எது இடம் கொடுக்கும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் கேள்வியே அவருக்கு வரவில்லை.

குரல் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்தாள். முழு டிஸ்கையும் அழிக்கப் போகிறேன் என்றபோது நான் பதறினேன். இரண்டாயிரத்துக்கு மேல் மருந்துப் பெயர்களுக்கு அவள் சுருக்கம் சேர்த்து வைத்திருந்தாள். இரண்டு எழுத்து அடித்தால் முழுப் பெயரும் வந்து விழும்.

"ஐயோ, உன் சுருக்கமெல்லாம் போயிடுமே!"

"கைப்பையில ஒரு காப்பி வெச்சிருக்கேன் அண்ணி. அண்ணா இருக்கற வீட்டுல வேற எப்படி இருக்கறது?"

நிர்வாகியின் பாஸ்வேர்ட் என்ன வைக்கட்டும் என்று குரல் கேட்டது. இதுவரை எங்கள் வீட்டில் எல்லா மெஷினுக்கும் அண்ணன் வைத்தது ஒன்றே ஒன்றுதான். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நீளமாக எதையோ அடித்தாள். அதையே திரும்பவும் அடித்தாள். அது என்னவென்று எனக்கும் தெரியாது.

பத்து ஐம்பதுக்கு எல்லாம் முடிந்து, கைப்பையில் இருந்தது உள்ளே ஏறி, அவளுடைய வண்டு மறுபடி ரீங்காரம் செய்ய ஆரம்பித்தது. பதினொன்று பத்துக்கு முழங்கால் வரை சேறோடு இவர் ஓடிவந்தார். கையில் நாலு பக்கம் பிரிண்ட்.

"கண்டுபிடிச்சுட்டேன்! எந்த லைப்ரரி ஃபைலால வந்துச்சுன்னு..." என்றவர் அப்படியே நின்றார். "யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள் அவள், தட்டுவதை நிறுத்தாமல்.

"திரைக்கு எந்த டெஸ்க்டாப் போட்ட? எந்த வெர்ஷன்?"

"தெரியலைண்ணா. பேசுது."

"சரி, ஒரே ஒரு தடவை நான் செக் பண்ணிடறேன். பாஸ்வேர்ட் சொல்லு."

"மாட்டேன்."

முதலில் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் முகம் சுண்டிவிட்டது. "உனக்கு இதையெல்லாம் கத்துக்குடுத்ததே நான்தான்" என்றார்.

"ஆமாண்ணா. நீங்க இல்லன்னா எனக்குக் கம்ப்யூட்டரே தெரிஞ்சிருக்காது. ஆனாலும் மாட்டேன். ரெண்டு பேரும் வெளிய போங்க, கதவைச் சாத்திக்கணும்."

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. வீடே குதித்தது. அவரும்தான் குதித்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். அன்று சாயங்காலமே மறுபடி தங்கச்சி அறையில் போய் நின்றார்.

"இப்பதான் வேலை நிரந்தரம் ஆயிடுச்சே. இந்த டெஸ்க்டாப் எவ்வளவு அசிங்கமா இருக்கு பாரு! ஐகான் எல்லாம் போன நூற்றாண்டு. அந்த நீலக் கலரை மட்டுமாவது மாத்திக் குடுக்கறேன். பாஸ்வேர்ட் சொல்லும்மா."

நாத்தனார் எழுந்து அவருக்கு நாற்காலியைக் கொடுத்தாள். ஹெட்போனைத் தடவி அவர் தலையில் தானே மாட்டிவிட்டாள். பிறகு கையை நீட்டித் திரையின் ஓரத்தைத் தேடி, அதன் ஸ்விட்சை மட்டும் அணைத்தாள்.

"பாஸ்வேர்டை அடிச்சு வெச்ச ஃபைல் ஒண்ணு உள்ளயே இருக்குண்ணா. தேடி எடுத்துக்கோங்க."

அவர் கறுத்துப் போன திரையைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். ஒரு கீயைத் தட்டினார், காதுக்குள் ரீங்காரம். "கொஞ்சம் மெதுவா பேச வையேன்" என்றார். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். இன்னும் நாலு கீ தட்டினார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் இன்னும் எதையெல்லாமோ தட்டினார், ரீங்காரம் கூடிக்கொண்டே போனது. மூன்று நிமிடம் இருக்கும். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். பதினாறு வருடத்தில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் அவர் வாயடைத்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் குனிந்து மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் திரையின் ஒயரைப் பிடுங்கினாள்.

"இதையும் எடுத்துக்கிட்டுப் போயிடுங்கண்ணா. இந்த நாலு வருஷமா இது இந்த ரூம்ல உங்களுக்காக மட்டும்தான் இருந்துது."

அவர் திரையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். ஒயர் அவர் காலில் தட்டாமல் நான் சுருட்டி அவர் தோளில் போட்டுவிட்டேன்.